முதல் இறக்குமதிக்கு முன்: வரி ஏய்ப்பில் சிக்காமல் சரக்கை எடுப்பது எப்படி

வெளிநாட்டிலிருந்து முதல்முறையாகச் சரக்கு வரவழைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுங்க வரியில் நடக்கும் மோசடிகளில் கணிசமானவை அறிவிப்புப் படிவத்தின் நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். பொருள் என்ன, விலை என்ன, எந்த நாட்டில் செய்தது, எவ்வளவு வந்திருக்கிறது. இந்த நான்கில் எதையாவது மாற்றி எழுதினால் வரி குறையும். மாற்றி எழுதியது யாராக இருந்தாலும், கணக்கு கேட்கும்போது கூப்பிடுவது இறக்குமதியாளரைத்தான்.

ஏய்க்க வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் குறைவு. விற்பவர் சாதாரணமாக ஒரு செய்தி அனுப்புவார்: ‘இன்வாய்ஸில் எவ்வளவு போடட்டும்?’ அவருக்கு அது தினசரிக் கேள்வி. சுங்க வேலைகளை முடித்துத் தரும் கிளியரிங் முகவர், ‘இந்த வகைப்பாட்டு எண் வேண்டாம், வரி அதிகம், வேறு எண் போட்டுக்கொள்ளலாம்’ என்பார். பழைய வியாபாரி ஒருவர், ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்று தைரியம் சொல்வார். மூன்றுக்கும் தலையாட்டிவிட்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆகவே சரக்கு கப்பலேறுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள்தான் அதிகம். கீழே உள்ளதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

படி 1: யார் பெயரில் வருகிறது என்பதை முடிவு செய்யுங்கள்

சுங்க அறிவிப்பில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வரிக்கும் உண்மைக்கும் பொறுப்பு. முகவர் அந்தப் படிவத்தை நிரப்பலாம், கணினியில் ஏற்றலாம். பொறுப்பு அத்தனை எளிதில் அவரிடம் போய்விடாது.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, பெயரை இரவல் கொடுப்பது. புதிதாக இறக்குமதிப் பதிவு எடுத்தவர்களைத் தேடி வந்து, ‘உங்கள் எண்ணில் என் சரக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறேன், ஒரு கன்டெய்னருக்கு இவ்வளவு தருகிறேன்’ என்பார்கள். பழைய குற்றப் பதிவு எதுவும் இல்லாத புதுப் பெயர் அவர்களுக்கு மிகவும் தேவை. இதற்கு முன் வைத்திருந்த பெயர்கள் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறியிருக்கும் அல்லது கடன்பட்டு மூடப்பட்டிருக்கும். பொருளை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். வரி பாக்கியும் அபராதமும் மட்டும் உங்கள் முகவரிக்கு வரும். சுருக்கமான பதில்: கொடுக்காதீர்கள், உறவினராக இருந்தாலும்.

இரண்டாவது பொறி பார்க்க மிகவும் வசதியானது. விற்பவரோ சரக்கு அனுப்பும் நிறுவனமோ ‘வீட்டு வாசல் வரை, வரியும் சேர்த்து, கிலோவுக்கு இவ்வளவு’ என்று ஒரே விலை சொல்லும். சுங்க வரி பெரும்பாலும் பொருளின் தன்மையையும் மதிப்பையும் பொறுத்தது. துணியும் மின்னணுச் சாதனமும் செருப்பும் கலந்த சரக்குக்கு எடையை வைத்து மட்டும் ஒருவரால் வரியோடு விலை சொல்ல முடிகிறது என்றால், அவர் உண்மையான அறிவிப்பு கொடுக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். வணிக ஒப்பந்தங்களில் விற்பவரே வரி கட்டி ஒப்படைக்கும் முறை, டி.டி.பி. என்பது, சட்டப்படி இருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் அப்படி வாங்கும்போதும் இறக்குமதியாளர் என்று யார் பெயர் எழுதப்பட்டது என்பதையும், அறிவிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பல நேரங்களில் பணம் அவர் கட்டுவார், பெயர் உங்களுடையதாக இருக்கும்.

படி 2: பொருளுக்குச் சரியான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

உலக வணிகத்தில் நகரும் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் எச்.எஸ். என்ற வகைப்பாட்டு முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட நாடுகளும் சுங்கப் பிரதேசங்களும் இதைப் பயன்படுத்துகின்றன. முதல் 6 இலக்கங்கள் எங்கும் ஒன்றே. அதன் பிறகு ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு 8 அல்லது 10 இலக்கம் வரை நீட்டிக்கொள்ளும். மொத்தம் 97 அத்தியாயங்கள். 77ஆவது அத்தியாயம் மட்டும் எதிர்காலத் தேவைக்காகக் காலியாக விடப்பட்டிருக்கிறது. இந்தப் பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படும். 2022 பதிப்பு இப்போது நடப்பில் உள்ளது. அடுத்தது 2028இல் வருகிறது. விற்பவர் அனுப்பிய எண் அவர் நாட்டுப் பட்டியலின்படியோ பழைய பதிப்பின்படியோ இருக்கலாம் என்பதால் அதை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

எண்ணைத் தேடும்போது அத்தியாயத்தின் தலைப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. பொது விதிகள் ஆறில் முதல் விதியே சொல்கிறது: தலைப்புகள் தேடுவதற்கான வசதி மட்டுமே; சட்டப்படி செல்லுபடியாவது உள்ளே இருக்கும் பொருள் விளக்கமும் பகுதி, அத்தியாயக் குறிப்புகளும்தான். அந்தக் குறிப்புகளில்தான் ‘இந்த அத்தியாயத்தில் இது சேராது’ என்ற வரிகள் இருக்கும். இரண்டாவது விதியையும் படித்து வையுங்கள். பிரித்து அனுப்பப்பட்ட பொருளும், முழுமையடையாத பொருளும், முழுப் பொருளின் அடிப்படைத் தன்மையைக் கொண்டிருந்தால் முழுப் பொருளாகவே கருதப்படும். சைக்கிளைக் கழற்றி, ‘உதிரிப் பாகங்கள்’ என்று எழுதி அனுப்பினால் வரி குறையும் என்று யோசனை சொல்பவர்கள் இந்த விதியைப் படிக்காதவர்கள், அல்லது நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறவர்கள்.

வரி குறைவான வகைப்பாட்டைத் தேடுவதே குற்றமா? இல்லை. நியாயத்துக்கும் ஏய்ப்புக்கும் நடுவே எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகள் போதும்.

டாய் பிஸ் என்ற நிறுவனம் எக்ஸ்-மென் போன்ற காமிக்ஸ் பாத்திரங்களின் சிறு உருவங்களை இறக்குமதி செய்தது. சுங்கத் துறை அவற்றைப் ‘பொம்மை மனிதர்கள்’ என்று வகைப்படுத்தி 12 சதவீதம் கேட்டது. மனிதர் அல்லாத உருவங்களுக்கான விளையாட்டுப் பொருள் வகையில் 6.8 சதவீதம்தான். நிறுவனம் நீதிமன்றம் போனது. 2003இல் அந்த உருவங்கள் மனிதர்களைக் குறிப்பவை அல்ல என்று தீர்ப்பு வந்தது. எக்ஸ்-மென் ரசிகர்கள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள் என்பது தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது, நிறுவனம் பொருளைப் பற்றி எதையும் மறைக்கவில்லை. இதுதான் பொருள், நாங்கள் இந்த வகை என்று கருதுகிறோம் என்று வெளிப்படையாக வாதாடியது.

இன்னொன்று ஃபோர்டு நிறுவனத்தின் டிரான்சிட் கனெக்ட் வண்டி. சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு அமெரிக்காவில் 1964 முதல் 25 சதவீத வரி. பயணிகள் வண்டிக்கு அப்போது 2.5 சதவீதம். துருக்கியிலிருந்து வந்த வண்டிகள் பின் இருக்கைகளோடு பயணிகள் வண்டியாக நுழைந்தன. சுங்கம் முடிந்ததும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வண்டியாக மாற்றினார்கள். வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுங்கத் துறையின் பக்கம் நின்றது. 2024இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 36.5 கோடி டாலர் கொடுக்க நிறுவனம் சம்மதித்தது. அத்தனை பெரிய சட்டப் பிரிவு வைத்திருந்தவர்களே அந்த எல்லையைத் தவறாகக் கணித்தார்கள் என்றால், வாட்ஸாப்பில் முகவர் அனுப்பும் யோசனைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் அதற்கு முறையான வழி இருக்கிறது. உலக வணிக அமைப்பின் வணிக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் வகைப்பாடு, உற்பத்தி நாடு இரண்டைப் பற்றியும் சரக்கு வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு, சுங்கத் துறையைக் கட்டுப்படுத்தும் முன்கூட்டிய தீர்ப்பைப் பெறும் வாய்ப்பை உறுப்பு நாடுகள் தர வேண்டும் என்று அது சொல்கிறது. நேரம் எடுக்கும். ஆனால் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரவழைக்கப் போகிறவருக்கு இதைவிட மலிவான காப்பீடு இல்லை. விண்ணப்பத்தில் பொருளைப் பற்றிய முழு உண்மையையும் எழுதுங்கள். பாதி சொல்லிப் பெற்ற தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

படி 3: உண்மையான விலையை நீங்களே கணக்கிடுங்கள்

விலைதான் மோசடியின் பெரிய களம். பொருளை மாற்றிச் சொன்னால் பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம். விலை பெட்டிக்குள் இருக்காது.

பெரும்பாலான நாடுகள் உலக வணிக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தைப் பின்பற்றுகின்றன. அதன்படி முதலில் பார்ப்பது, பொருளுக்காக உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை. அது ஏற்க முடியாததாக இருந்தால் அதே பொருளின் விலை, ஒத்த பொருளின் விலை என்று வரிசையாக இன்னும் ஐந்து முறைகள் இருக்கின்றன. அதிகாரி தன் விருப்பத்துக்கு ஒரு விலையை எழுத முடியாது. நீங்களும் எழுத முடியாது.

இன்வாய்ஸில் இருக்கும் எண்தான் மதிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அதோடு சேர்க்க வேண்டியவை உண்டு. விற்பனைத் தரகு, பெட்டி மற்றும் பேக்கிங் செலவு, அந்தப் பொருளை உங்களுக்கு விற்பதற்கு நிபந்தனையாகக் கொடுக்கும் ராயல்டி, நீங்கள் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தொழிற்சாலைக்குக் கொடுத்த அச்சு, கருவி, மூலப்பொருள், வெளிநாட்டில் செய்த வடிவமைப்பு. கடைசியாகச் சொன்னதில்தான் நேர்மையானவர்களும் வழுக்கி விழுகிறார்கள். பிளாஸ்டிக் மூடி செய்ய 5,000 டாலர் கொடுத்து ஓர் அச்சு செய்து தொழிற்சாலைக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சில் 10,000 மூடி செய்யப்படும். மூடி ஒன்றுக்கு 2 டாலர் இன்வாய்ஸ் வருகிறது. அச்சின் விலையையும் மூடிகளுக்குப் பிரித்துச் சேர்த்தால் சுங்க மதிப்பு 2.50 டாலர். அச்சுக்குத் தனியாக, வேறு மாதத்தில், வேறு நிறுவனத்துக்குப் பணம் கட்டியதால் அது கணக்கில் வராது என்று நினைப்பது சகஜம். தணிக்கையில் முதலில் தோண்டுவது அதைத்தான்.

கப்பல் கட்டணமும் காப்பீடும் சேருமா என்பது நாட்டைப் பொறுத்தது. ஒப்பந்தம் அந்தத் தேர்வை நாடுகளிடம் விட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை வரையிலான செலவு சேரும், அமெரிக்காவில் சேராது. உங்கள் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேராதவையும் உண்டு. உங்கள் சார்பில் பொருள் தேடிக் கொடுத்தவருக்கு நீங்கள் தந்த கொள்முதல் தரகு, இறக்கிய பின் உள்நாட்டில் ஆகும் போக்குவரத்து போன்றவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டினால் அவற்றுக்கு வரி இல்லை. நியாயமாக மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் இதுதான். பலர் இதைக் கேட்டு வாங்காமல், கேட்கக் கூடாததைக் கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

விற்பவரும் நீங்களும் உறவினரோ கூட்டாளிகளோ என்றால் அதை அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். உறவு இருப்பது குற்றமில்லை. உறவினால் விலை மாறவில்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். இலவசமாக வந்த மாதிரிப் பொருளுக்கும், பழுதுக்கு மாற்றாக வந்த பொருளுக்கும் மதிப்பு உண்டு. பூஜ்யம் என்று எழுதாதீர்கள்.

இரட்டை இன்வாய்ஸ் என்றால் சுங்கத்துக்கு ஒன்று, வங்கிக்கோ உங்கள் கையிருப்புக்கோ இன்னொன்று. மிச்சப் பணத்தை வேறு வழியில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்த ‘வேறு வழி’ பணச் சலவைச் சட்டத்தில் கொண்டுபோய்விடும். புத்தகத்தில் கொள்முதல் விலை குறைவாக நிற்பதால் லாபம் அதிகமாகத் தெரிந்து வருமான வரி ஏறும். வழியில் சரக்கு மூழ்கினால் குறைத்து எழுதிய விலைக்குத்தான் இழப்பீடு கோர முடியும். உண்மை விலைக்குக் காப்பீடு எடுத்திருந்தால் அந்தப் பத்திரமே உங்களுக்கு எதிரான சாட்சி. தார்மீகத்தை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது கட்டுப்படியாகிற வேலையில்லை.

எப்படித் தெரிந்துவிடுகிறது என்று கேட்கலாம். அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்ற தரவு துறையிடம் இருக்கிறது. அனுப்பிய நாட்டில் ஏற்றுமதி அறிவிப்பு இருக்கிறது, நாடுகளுக்கிடையே தகவல் கேட்டு வாங்க ஒப்பந்தங்களும் இருக்கின்றன. வங்கிப் பரிமாற்றமும், கைப்பேசி உரையாடலும், கடை விலையிலிருந்து பின்னோக்கிப் போடும் கணக்கும் உண்டு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், சீனாவிலிருந்து வந்த துணிகளும் காலணிகளும் நம்ப முடியாத குறைந்த விலையில் அறிவிக்கப்பட்டன. சில ஆடைகளின் கிலோ விலை, அவற்றுக்கான பஞ்சின் விலையைவிடக் குறைவு. ஐரோப்பிய மோசடித் தடுப்பு அமைப்பான ஓலாஃப் இதைப் புள்ளிவிவரத்தைக் கொண்டே பிடித்தது. பெட்டியைத் திறக்காமலேயே, கிலோவுக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்துப் பிடித்தார்கள். அந்த வரியை வசூலிக்கத் தவறியதற்காகப் பிரிட்டன் அரசின் மீதே வழக்குப் போய், 2022 மார்ச் 8 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியது இது. ஆர்டர் கொடுக்கும் அன்றே விற்பவருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்: இன்வாய்ஸில் முழு விலையும் இருக்க வேண்டும், ‘அன்பளிப்பு’, ‘மாதிரி, விற்பனைக்கல்ல’ என்றெல்லாம் எழுதக் கூடாது. நீங்கள் கேட்காமலேயே உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து அப்படி எழுதும் விற்பனையாளர்கள் ஏராளம். எழுத்தில் சொல்லியிருந்தால் பிற்பாடு அது உங்கள் பக்கம் பேசும்.

படி 4: பொருள் எந்த நாட்டுடையது

கப்பல் எங்கிருந்து கிளம்பியது என்பதும் பொருள் எந்த நாட்டுடையது என்பதும் வேறு வேறு. ஒரு நாட்டில் செய்து, இன்னொரு நாட்டில் இறக்கி, பெட்டியையும் லேபிளையும் மாற்றி அனுப்பினால் அது இரண்டாவது நாட்டுப் பொருளாகிவிடாது. அங்கே பொருளே வேறாகும் அளவுக்குக் கணிசமான உற்பத்தி நடந்திருக்க வேண்டும்.

இதில் பொய் சொல்லத் தூண்டுவது இரண்டு விஷயங்கள். தடையற்ற வணிக ஒப்பந்தம் உள்ள நாட்டுப் பொருள் என்றால் வரி குறையும் அல்லது இல்லாமலே போகும். எதிர்ப்பக்கத்தில், சொந்த நாட்டு விலையைவிடக் குறைவாக வெளியே விற்றுச் சந்தையைக் கெடுப்பதாகக் கருதப்படும் நாட்டுப் பொருளுக்குக் குவிப்புத் தடுப்பு வரி விழும். அது சில நேரம் 100 சதவீதத்தையும் தாண்டும். அமெரிக்கா 2001இல் சீனத் தேனுக்கு இந்த வரியைப் போட்டது. அதற்குப் பிறகு சீனத் தேன் வேறு நாடுகள் வழியாக, அந்த நாட்டுத் தேன் என்ற பெயரில் வந்தது. பெரிய குற்ற வழக்குகளாக அது முடிந்தது. தேனிலுள்ள மகரந்தத்தை ஆராய்ந்தால் எந்தப் பகுதிப் பூக்கள் என்பது தெரியும். சிலர் அந்த மகரந்தத்தையும் வடிகட்டி எடுத்துவிட்டே அனுப்பினார்கள்!

புதியவர் செய்ய வேண்டியது, ஆர்டருக்கு முன்பே அந்தப் பொருளுக்கும் அந்த நாட்டுக்கும் கூடுதல் வரி எதுவும் இருக்கிறதா என்று உங்கள் நாட்டு அரசிதழிலோ சுங்கத் துறை இணையதளத்திலோ தேடிப் பார்ப்பது. விற்பவர் வேறு நாட்டுச் சான்றிதழ் தருவதாகச் சொன்னால், அங்கே உண்மையில் தொழிற்சாலை இருக்கிறதா, எந்த வேலை அங்கே நடக்கிறது, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் கையில் இருக்கிறது, அது போதும் என்று இருக்க வேண்டாம். சான்றிதழ் பொய் என்று பின்னால் தெரிந்தால், நீங்கள் நல்லெண்ணத்தில் நம்பியது அபராதத்தைக் குறைக்க உதவலாம். விட்டுப்போன வரியைக் கட்டத்தான் வேண்டியிருக்கும், பல நாடுகளில் வட்டியோடு.

படி 5: எண்ணிக்கை, எடை, சலுகை

இதில் பேச அதிகமில்லை. பேக்கிங் லிஸ்ட்டும் கப்பல் ரசீதும் இன்வாய்ஸும் ஒரே எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். விற்பவர் கூடுதலாகச் சில பெட்டி சேர்த்து அனுப்பியிருந்தால், அவர் இலவசமாகக் கொடுத்திருந்தாலும், அதையும் அறிவியுங்கள்.

சிறு பார்சல்களுக்கு வரி இல்லை என்ற வரம்பைப் பயன்படுத்த ஒரே ஆர்டரைப் பத்துப் பார்சலாக உடைத்து அனுப்புவது பழைய தந்திரம். அந்த வரம்புகளே இப்போது சுருங்கி வருகின்றன. அமெரிக்கா தன் 800 டாலர் வரம்பை 2025 ஆகஸ்ட் முடிவில் எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் நிறுத்தியது.

ஏற்றுமதிக்காக, ஆராய்ச்சிக்காக, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்காக என்று வரிச் சலுகையில் எடுத்த பொருளை உள்நாட்டுச் சந்தையில் விற்றாலும் அது ஏய்ப்புதான். சலுகையின் நிபந்தனை எத்தனை ஆண்டு தொடர்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முகவரை நீங்கள் தேர்வு செய்யுங்கள்

உரிமம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. துறையின் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். அவர் காட்டும் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். பிறகு ஒரு சோதனை: உங்கள் பொருளின் விவரத்தைக் கொடுத்து, எந்த எண், ஏன் அந்த எண் என்று கேளுங்கள். நல்ல முகவர் பொருளைப் பற்றித் திருப்பிக் கேட்பார். எதனால் செய்தது, எதற்குப் பயன்படும், மின்சாரத்தில் இயங்குமா என்று. மோசமானவர், ‘எவ்வளவு வரி கட்ட நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு எழுந்து வந்துவிடலாம்.

முகவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில் எந்தச் சரக்குக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று வரம்பு போடுங்கள். அவர் கட்டணமும் சுங்க வரியும் தனித்தனி ரசீதாக வர வேண்டும். முடிந்தால் வரியை நீங்களே அரசுக் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். ‘அதிகாரிக்குக் கொடுக்க’ என்று பில்லில்லாத ஒரு தொகை கேட்டால், உங்கள் பெயரில் ஒரு குற்றம் நடக்கப் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: அனுப்புவதற்கு முன் அறிவிப்பைப் படியுங்கள்

தன் பெயரில் போன அறிவிப்பை ஒருமுறைகூடப் பார்க்காத இறக்குமதியாளர்கள் இருக்கிறார்கள். கணினியில் ஏற்றுவதற்கு முன் வரைவை வாங்கி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது, பணம் அனுப்பிய வங்கி ஆவணம் நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பொருள் விளக்கம் ‘பலவகைச் சாமான்கள்’ என்று மொட்டையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். தெளிவாக எழுதப்பட்ட விளக்கம், பின்னால் வகைப்பாட்டில் கருத்து வேறுபாடு வந்தாலும், நீங்கள் மறைக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

படி 8: சரக்கு வெளியே வந்ததும் வேலை முடியவில்லை

சரக்கை எடுத்துக்கொண்டு வந்தாகிவிட்டது, பச்சை வழியில் யாரும் தொடவே இல்லை என்று நிம்மதியடைய வேண்டாம். ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் உருவாக்கி ஏராளமான நாடுகள் பயன்படுத்தும் அசிகுடா மென்பொருள், அறிவிப்புகளை ஆபத்தின் அளவுப்படி வண்ணங்களாகப் பிரிக்கிறது. சிவப்பு என்றால் பெட்டியைத் திறப்பார்கள், மஞ்சள் என்றால் காகிதம் பார்ப்பார்கள், பச்சை என்றால் விடுவார்கள். நீலம் என்று ஒன்றும் உண்டு: இப்போது விட்டுவிட்டுப் பிறகு உங்கள் அலுவலகத்தில் வந்து கணக்கைப் பார்ப்பது. துறைமுகத்தில் நெரிசலைக் குறைத்து, சோதனையைப் பின்தணிக்கைக்கு நகர்த்துவதுதான் உலகெங்கும் இன்றைய போக்கு. ஆண்டுகள் கழித்தும் கேள்வி வரும்.

எனவே ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கோப்பு. ஆர்டர், விலை பேசிய கடிதங்கள், எல்லா ஆவணங்களும், வகைப்பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு. எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 5, ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 3. உங்கள் நாட்டின் காலத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு மேல் ஓர் ஆண்டு வைத்திருங்கள்.

படி 9: தவறு கண்ணில் பட்டால்

பழைய அறிவிப்புகளைப் புரட்டும்போது ராயல்டியைச் சேர்க்க மறந்தது தெரிகிறது. அல்லது எண் தவறு என்று தோன்றுகிறது. பேசாமல் இருந்துவிட்டு அடுத்த சரக்கிலிருந்து சரி செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு இயல்பாக வரும். அதைச் செய்யாதீர்கள். அடுத்த சரக்கில் எண் மாறியதைப் பார்த்துத்தான் பழையதைத் தோண்டுவார்கள். அப்போது, தவறு என்று தெரிந்தே மறைத்தீர்கள் என்று ஆகிவிடும்.

தெரிந்து செய்ததா, கவனக்குறைவா என்பதில்தான் தண்டனையின் அளவு நிற்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் கவனக்குறைவுக்கு அதிகபட்சம் விட்டுப்போன வரியின் 2 மடங்கு, கடும் அலட்சியத்துக்கு 4 மடங்கு, மோசடிக்குச் சரக்கின் உள்நாட்டு மதிப்பு முழுவதும். மற்ற நாடுகளின் அளவுகள் வேறு, படிக்கட்டு ஏறக்குறைய இதே மாதிரிதான். சுங்கத் துறை கண்டுபிடிக்கும் முன் தானாக முன்வந்து தெரிவிப்பவருக்கு அபராதத்தைக் குறைப்பதை வணிக வசதி ஒப்பந்தமும் ஊக்குவிக்கிறது. ‘கண்டுபிடிக்கும் முன்’ என்பதுதான் முக்கியம். கணக்கைச் சரியாகப் போட்டு, வழக்கறிஞரிடம் காட்டி, வரியோடு சேர்த்துக் கடிதம் கொடுங்கள்.

தாமதித்தால் முந்திக்கொள்ள வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தகவல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தூரத்தில் இல்லை: வேலையை விட்டுப்போன கணக்காளர், பிரிந்த கூட்டாளி, உங்கள் விலையோடு போட்டியிட முடியாத வியாபாரி. அமெரிக்காவில் பொய்யான உரிமைகோரல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு அரசுக்குப் பணம் மீட்டுக் கொடுப்பவருக்கு அதில் 15 முதல் 30 சதவீதம் வரை கிடைக்கும்.

படி 10: கடிதம் வந்தால்

முதல் கேள்விக் கடிதம் வந்தாலே குற்றவாளி என்று ஆகிவிடாது. மதிப்பில் சந்தேகம் இருந்தால் விளக்கமும் ஆவணமும் கேட்க அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. மறுப்பதற்கான காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் சொல்ல உங்களுக்கும் உரிமை இருக்கிறது. காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

அன்று இரவே செய்திகளை அழிப்பது, விற்பவரிடம் பழைய தேதியில் புது இன்வாய்ஸ் கேட்பது, இரண்டும் சிறிய வழக்கைப் பெரிய வழக்காக்கும் வேலைகள். வாக்குமூலத்தில் கையெழுத்து கேட்டால் முழுக்கப் படித்து, உங்களுக்குத் தெரியாததைத் தெரியும் என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஆய்வகப் பரிசோதனை முடிவு எதிராக வந்தால் இரண்டாவது பரிசோதனைக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அபராதம் விதித்தால், எந்தச் சட்டப்படி, எந்த மீறலுக்கு என்ற விளக்கம் எழுத்தில் வர வேண்டும். மேல்முறையீட்டுக்கான கெடு அநேகமாகக் குறுகியது. உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள்.

இதற்கிடையில் அடுத்த கன்டெய்னர் கடலில் வந்துகொண்டிருக்கும். அதற்குப் பழைய எண்ணையும் விலையையும் அப்படியே போட்டால் பிடிவாதம் போலத் தெரியும். அவசரமாக மாற்றினால் முன்பு செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டது போலாகும். கருத்து வேறுபாடு இருப்பதைக் குறிப்பிட்டு, உத்தரவாதத் தொகை கட்டி, இறுதி முடிவுக்கு முன்பே சரக்கை விடுவிக்கும் தற்காலிக மதிப்பீட்டை விண்ணப்பித்துக் கேளுங்கள். கப்பல் கரை சேரும் முன்பே அந்த விண்ணப்பம் துறையின் மேசையில் இருந்தால் கிடங்கு வாடகையாவது மிச்சமாகும்.